அர்ச்சனைக் கொப்பியும் பத்தொன்பது வாக்குகளும்

"உந்த உறையை உடைக்காதையும்! வாறன், நான் வாறன்!"

முகத்தில் பாதிச் சவர நுரையோடு சற்குணம் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தார். வீடு ஒன்றும் தீப்பிடிக்கவில்லை. தபால்காரர் கதவுத் துவாரத்துக்குள் தள்ளிவிட்டுப் போன இரண்டு உறைகளில் தன் பெயர் இருந்ததை எடுத்து, குசினியில் அடுப்புப் பக்கத்து மேசையில் வைத்து, கத்தியால் கவனமாகக் கீறிக்கொண்டிருந்தாள் அவருடைய மனைவி துளசி. நடந்த அநியாயம் அவ்வளவுதான்.

"இது தபால் வாக்கப்பா. என்ரை பேருக்குத்தான் வந்தது" என்றாள் அவள்.

"தெரியும். அதுதான் தொடாதையும் எண்டுறன். ஒரு கோடு பிசகினால் எல்லாம் வீண். விடும், நான் செய்யிறன்."

இது 2007 நவம்பரில், தீபாவளி கழிந்த சனிக்கிழமை. இடம் தென் லண்டனில் ஒரு வட்டாரம். பெயரைச் சொன்னால் அங்கே இருக்கிற பாதிப் பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள், அது வேண்டாம். தோர்ண்டன் ஹீத்தில் மரக்கறி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினால் பத்து நிமிடத்தில் போய்ச் சேரலாம் என்ற அளவில் விட்டுவிடுவோம்.

சற்குணத்தை அந்த வட்டாரத்துத் தமிழர்களில் தெரியாதவர் கிடையாது. ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் இருந்து, அந்த நாட்டுக் குடியுரிமையோடு லண்டனுக்கு வந்தவர்; அப்போது அதை வைத்தே இங்கே உள்ளூர்த் தேர்தல்களில் வாக்குப் போடலாம். கிழமை நாட்களில் ஒரு களஞ்சியத்தில் ஷிப்ட் வேலை. வெள்ளியும் ஞாயிறும் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு எழுதுகிற மேசை. மிச்ச நேரமெல்லாம் ஊருக்கு விண்ணப்பப் படிவம், அதாவது ஃபோம், நிரப்பிக் கொடுக்கிற தொண்டு. அரசாங்க உதவிப் பணத்துக்கான பெனிபிட் ஃபோம், பள்ளிக்கூட ஃபோம், விசா ஃபோம் என்று எது வந்தாலும் சனம் அவரிடம்தான் ஓடி வரும். ஒரு சதம் வாங்க மாட்டார், பாவம். "சற்குணம் அண்ணை இல்லாட்டி எங்கடை கதி அதோகதி" என்று யாராவது சொல்லக் கேட்டால் போதும், அன்றைக்கு அவருக்கு இரவுச் சாப்பாடும் தேவைப்படாது.

அந்தப் புகழ்ச்சிக்கு மனிதர் அடிமை. அதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

அந்தத் தபால் வாக்கு, கவுன்சில் என்கிற உள்ளூராட்சிச் சபையின் இடைத்தேர்தலுக்கு. அது எதற்காக வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வட்டார நூலகத்துக்குப் பின்னால் கவுன்சிலுக்குச் சொந்தமான பழைய மண்டபம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு புதன்கிழமையும் அங்கே எமில்டா டீச்சர் பெண்களுக்கு ஆங்கிலம் படிப்பித்தார். துளசியும் ஒன்றரை வருடமாகப் போய்க்கொண்டிருந்தாள். வருகிற மாசியில் சோதனை. அதில் தேறினால் சான்றிதழ் கிடைக்கும். சான்றிதழ் கிடைத்தால் பக்கத்துப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். சலவை லோண்ட்ரியில் வேலை செய்து, ஈரத் துணி தூக்கித் தூக்கி அவளுடைய இடுப்பு விட்டுப்போயிருந்தது. அந்த வேலைக்கான ஃபோமைத் தானே, தன் கையாலேயே நிரப்ப வேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை. அதை அவள் புருஷனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் அன்றைக்கே நிரப்பி வைத்துவிடுவார்.

இப்போது அந்த மண்டபத்தை விற்கப் போவதாகப் பேச்சு. சபையில் விற்கிற பக்கமும் வேண்டாமென்கிற பக்கமும் சரிசமமாக நின்றன. அந்த நேரம் பார்த்து எங்கள் வட்டாரத்து உறுப்பினர் வேறு ஊருக்குக் குடிபோய்விட, அந்தக் கதிரை காலியானது. அதில் யார் போய் உட்காருகிறாரோ, அவர் கைதான் மண்டபத்தின் தலைவிதியை எழுதும். மண்டபத்தைக் காப்பாற்றுவேன் என்று சொல்லி வான்மதி என்ற மலேசியத் தமிழ்ப் பெண் சுயேச்சையாக நின்றார். மாணவியாக லண்டனுக்கு வந்து, கணக்காய்வாளராகி, இங்கேயே ஊன்றியவர். நேர்மையான மனுஷி.

சரி, குசினிக்கு வருவோம்.

சற்குணம் துவாயால் முகத்தை வழித்துவிட்டு உறைக்குள் இருந்ததை மேசையில் பரப்பினார். ஒரு வாக்குச்சீட்டு, வாக்காளரின் பிறந்த திகதியும் கையெழுத்தும் கேட்கிற ஒரு பத்திரம், சின்ன உறை ஒன்று, பெரிய உறை ஒன்று. வாக்குச்சீட்டில் விரும்பிய பெயருக்கு நேரே புள்ளடி போட்டுச் சின்ன உறைக்குள் வைத்து ஒட்டி, அந்த உறையையும் பத்திரத்தையும் பெரிய உறைக்குள் போட்டு அனுப்ப வேண்டும். முத்திரைகூடத் தேவையில்லை. பத்து வயதுப் பிள்ளையும் செய்யக்கூடிய வேலை.

"எனக்குத் தெரியும் ஆருக்குப் போடுறதெண்டு" என்றாள் துளசி. "வகுப்பிலை டீச்சர் எல்லாம் விளங்கப்படுத்தினவ. நானே போடுறன். ஆசையாக் கிடக்கு."

"ஆசைக்குச் செய்யிற வேலையே இது? வான்மதிக்குத்தானே? இந்தா." சொல்லி முடிப்பதற்குள் புள்ளடி விழுந்துவிட்டது. அடுத்தது பத்திரம். "கையெழுத்தை இதுக்குள்ளை வையும். பெட்டியை விட்டு வெளியிலை போகாமல்."

துளசி கையெழுத்து வைத்தாள். பிறந்த திகதிக்கான கட்டங்களில் அவர் எழுதத் தொடங்க, எட்டிப் பார்த்தவள் திடுக்கிட்டாள்.

"இஞ்சேருங்கோ, பாஸ்போட்டிலை கிடக்கிற திகதியை எல்லோ எழுத வேணும்? தபால் வாக்குக் கேட்டு விண்ணப்பம் போடேக்கை வகுப்பிலை எல்லாரும் பாஸ்போட்டைப் பாத்துத்தான் எழுதினனாங்கள். அதிலை என்ன எழுதினதோ அதையே இதிலையும் எழுத வேணுமெண்டு டீச்சர் படிச்சுப் படிச்சுச் சொன்னவ."

இங்கேதான் கதையின் முடிச்சு. நம்மவர்களில் பலருக்கு இரண்டு பிறந்த நாள். ஒன்று அம்மா தந்தது. மற்றது காசு வாங்கி வெளிநாட்டுக்கு ஏற்றிவிட்ட ஏஜென்சிக்காரன் தந்தது. துளசி பிறந்தது 1964 ஆவணி இருபத்துமூன்று. அவளைக் கொழும்பில் விமானம் ஏற்றிவிட்டவன் கொடுத்த பாஸ்போட் புத்தகத்தில் 1970 ஜனவரி முதலாம் திகதி என்று இருந்தது. லண்டனில் இறங்கி, குரோய்டன் குடிவரவுக் கந்தோரில் பயத்தில் அதையே ஒப்புவித்தாள். அதுவே சட்டமாகி, பாஸ்போட்டிலும் ஏறி நிலைத்துவிட்டது. பெற்றவளை விட ஏஜென்சிக்காரன் சொல்லுக்கு மதிப்பு வந்த காலம் அது.

கோயிலில் அர்ச்சனைக்கு மட்டும் யாரும் அந்த ஏஜென்சித் திகதியைச் சொல்வதில்லை. சாமியிடம் பொய் சொல்வார்களா? அதனால் சற்குணத்தின் நீல மட்டை அர்ச்சனைக் கொப்பியில் வட்டாரம் முழுவதின் பேர், நட்சத்திரம், உண்மையான பிறந்த திகதி எல்லாம் அகரவரிசையில் இருந்தன.

"இஞ்சை பாரும்" என்றார் அவர், பேனையைத் தூக்கிப் பிடித்தபடி. "இது குடிவரவுக் கந்தோர் இல்லை. தேர்தல். சத்தியமான காரியம். நல்ல விஷயத்துக்குப் போடுற வாக்கைக் கள்ளப் பிறந்த நாளிலை போடப்படாது. உண்மையை எழுதினால் ஆரும் குற்றம் சொல்ல ஏலாது."

"எண்டாலும் டீச்சர்..."

"எனக்கு உம்மடை டீச்சர் படிப்பிக்கவோ? இருவது வருசமா ஃபோம் நிரப்புறன்!"

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. துளசி அதைப் பார்க்கப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் இரண்டு உறைகளும் ஒட்டப்பட்டிருந்தன.

அன்று பின்னேரமே அவர் அர்ச்சனைக் கொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வட்டாரத்தைச் சுற்றக் கிளம்பினார். வகுப்புப் பெண்களின் வீடுகள்தான் முக்கால்வாசி. யாரும் மறுக்கவில்லை. அரசாங்க உறை என்றாலே நம் சனத்துக்கு உடைக்கவே பயம். அதைக் கையிலிருந்து வாங்கிப் போக ஒருவர் வந்தால் கும்பிடத்தானே செய்வார்கள்?

துளசியோடு வகுப்பில் படிக்கிற றோஸ்மலர் விடியப்புறம் ஒரு கந்தோரில் துப்பரவு வேலை முடித்து வந்து படுத்திருந்தவள். கண்ணைக் கசக்கிக்கொண்டு, உடைக்காத உறையை அப்படியே நீட்டினாள்.

"கையெழுத்து எங்கை அண்ணை வைக்கிறது?"

"இந்தப் பெட்டிக்குள்ளை தங்கச்சி. மற்றதெல்லாம் நான் பாக்கிறன்."

"நீங்கள் தெய்வம் அண்ணை" என்றாள் அவள். தெய்வம் உச்சி குளிர்ந்து, கொப்பியைப் பார்த்து அவளுடைய பிறந்த திகதியை அழகாக எழுதியது.

தன்னுடையது, துளசியுடையது, மற்றவர்களுடையது பதினேழு. மொத்தம் பத்தொன்பது பெரிய உறைகள். சந்திமுனைச் சிவப்புத் தபால் பெட்டிக்குள் அவற்றைப் போட்டுவிட்டு, அக்கம்பக்கம் பார்த்து, பெட்டியை நோக்கி ஒரு கும்பிடும் போட்டார். அவருடைய மனதில் களங்கம் இல்லை. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் களங்கமில்லாத மனதோடு எத்தனை பேர் எத்தனை பேருடைய குடியைக் கெடுத்திருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தால் தாங்காது.

வாக்கெடுப்பு வியாழக்கிழமை நடந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் வான்மதி, உதவியவர்களுக்கு நன்றி சொல்ல நூலக முற்றத்துக்கு வந்தார். சற்குணம் வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன தங்கச்சி, வெண்டாச்சோ?"

வான்மதி தலையை ஆட்டினார். "இல்லண்ணே. மண்டபத்தை விக்கணும்கிற ஆளு ஜெயிச்சிட்டாரு. பதினொரு ஓட்டுல போச்சு."

"பதினொண்டோ!"

"ஆமா. அதுகூடப் பரவால்ல. தபால் உறைங்களைத் திறக்கிறப்போ எங்க ஆளு ஒருத்தரு அங்க நின்னாரு. பதினாலு உறையை எண்ணாமலே ஒதுக்கிட்டாங்களாம். கையெழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு. பொறந்த தேதிதான் விண்ணப்பத்துல இருக்கிறதோட ஒத்து வரல. பதினாலு பேருக்கும் எப்படிண்ணே ஒரே மாதிரி தப்பு வரும்? எனக்குப் புரியவே இல்ல."

சற்குணத்துக்குப் புரிந்தது. காலிலிருந்து தலை வரை புரிந்தது. முற்றத்தில் கிடந்த மர வாங்கில் அவர் மெல்ல உட்கார்ந்தார். பத்தொன்பது பேரையும் மனதுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்தார். அவர்களில் அம்மா தந்த திகதியே பாஸ்போட்டிலும் இருந்தவர்கள் ஐந்து பேர். மிச்சம் பதினான்கு. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?

மறைத்திருக்கலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் மனிதர் மறைக்கவில்லை. கொப்பி முதல் தபால் பெட்டிக் கும்பிடு வரை எல்லாவற்றையும் சொன்னார். கேட்கக் கேட்க வான்மதியின் முகம் மாறிக்கொண்டே வந்தது. கோபம் வந்தாலும் கத்துகிற பழக்கம் அவருக்கு இல்லை.

"அடுத்தவங்க ஓட்டுல நீங்க குறி போட்டீங்களாண்ணே?"

"உங்களுக்குத்தானே தங்கச்சி போட்டனான். எல்லாம் உங்களுக்குத்தான்."

"நான் உங்களை அதைச் செய்யச் சொன்னேனா? அது குத்தம்ணே. சட்டப்படியே குத்தம். அந்தத் தேதி சரியா இருந்து நான் ஜெயிச்சிருந்தாலும் அது என்னோட ஜெயிப்பு இல்ல. முன்னாடியே தெரிஞ்சிருந்தா நானே வந்து தடுத்திருப்பேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்களே போட்டிருந்தாக்கூட எனக்குத்தான் போட்டிருப்பாங்க இல்லையா? அதைத்தான் என்னால தாங்க முடியல."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தவர் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தார். இரண்டு பஸ் அவரைக் கடந்து போயின. ஏறத் தோன்றவில்லை.

துளசி குசினி மேசையில் வகுப்புக் கொப்பியை விரித்து வைத்து, விலாசம் எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் இடம் மாறிக் கிடந்தன. முந்தின வாரம் என்றால் அவர் பேனையைப் பறித்துத் திருத்தியிருப்பார். இன்று எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் எழுதுவதை நிறுத்தினாள்.

"எண்டால் என்ரை வாக்கு?"

"எண்ணேல்லை."

"உங்கடை?"

சற்குணத்தின் பிறப்புச் சான்றிதழ் ஜெர்மனிக்குப் போகும்போதே சட்டைப் பையில் இருந்தது. அவருடைய பாஸ்போட்டில் அம்மா தந்த திகதிதான்.

"என்ரையை எண்ணியிருப்பினம்."

"அது சரி" என்றாள் துளசி. "எப்பவும் உங்கடைதானே எண்ணுப்படுறது." திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் கொப்பியை மூடிவிட்டு உடுப்பு மாற்றிக்கொண்டு லோண்ட்ரிக்கு வெளிக்கிட்டாள். அன்றைக்கு அவளுக்கு வேலை இல்லாத நாள் என்பது கதவு சாத்திய பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

அடுத்த இரண்டு நாளும் சற்குணம் அதே பதினேழு கதவுகளையும் மறுபடி தட்டினார். மன்னிப்புக் கேட்கத்தான். எல்லோரும் ஏசுவார்கள், ஏசட்டும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு போனார். ஒருவரும் ஏசவில்லை! "விடுங்கோ அண்ணை, நீங்கள் நல்லதுக்குத்தானே செய்தனீங்கள்" என்றார்கள். தேத்தண்ணி கொடுத்தார்கள். ஒரு வீட்டில் போன கையோடு பெனிபிட் ஃபோம் ஒன்றையும் எடுத்து நீட்டினார்கள்.

றோஸ்மலரின் வீட்டில்தான் அவருக்கு உடைந்தது.

"மண்டபம் போச்செண்டால் எங்கடை வகுப்பும் போச்சே அண்ணை?" என்று கேட்டாள் அவள்.

"போச்சுத் தங்கச்சி. என்னாலைதான்."

"ஐயோ! எண்டால் நான் ஆருக்கு அண்ணை வாக்குப் போட்டனான்?"

அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே அவளுக்குத் தெரியாது. அவள் கேட்கவுமில்லை, இவர் சொல்லவுமில்லை. தெய்வம் என்று அவள் சொன்னது காதுக்குள் திரும்பவும் ஒலிக்க, சற்குணம் வாசற்படியிலேயே நின்று அழுதார்.

மார்கழி நடுப்பகுதியில் கடைசி வகுப்பு நடந்தது. எமில்டா டீச்சர் கேக் வெட்டினார். தை பிறந்ததும் மண்டபத்தைச் சுற்றிப் பலகை வேலி அடித்தார்கள். வேறொரு வகுப்பு இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருந்தது. நேரமும் துளசியின் ஷிப்டோடு முட்டியது. சோதனை எழுதவில்லை. சான்றிதழ் இல்லை. பள்ளிக்கூடச் சமையலறைக்கு வேறு யாரையோ எடுத்தார்கள். அவள் லோண்ட்ரியில் ஈரத் துணி தூக்கிக்கொண்டே இருந்தாள். இரவில் அவளுடைய இடுப்புக்குச் சற்குணம் தைலம் போட்டுத் தேய்ப்பார். அதனால் வலி குறைந்ததோ என்னவோ, அவர் மனது ஆறவில்லை.

அடுத்த சித்திரையில், லண்டன் மேயர் தேர்தலுக்காகத் தபால் வாக்குகள் மறுபடி வந்தன. உறைகள் கதவடியில் விழுந்த சத்தம் சற்குணத்துக்குக் கேட்டது. இறங்கி வந்தார், ஆனால் குசினி வாசலோடு நின்றுகொண்டார்.

மேசையில் துளசி. பக்கத்தில் பாஸ்போட் விரித்தபடி. 1970 ஜனவரி முதலாம் திகதியை ஒவ்வொரு இலக்கமாகக் கட்டங்களுக்குள் எழுதினாள். கையெழுத்து வைத்தாள். வாக்குச்சீட்டை எடுத்தபோது இடக்கையால் மறைத்துக்கொண்டு புள்ளடி போட்டாள். சின்ன உறையை ஒட்டி, பெரிய உறைக்குள் வைத்து அதையும் ஒட்டினாள். இரண்டு தரம் சரிபார்த்தாள். இருபது நிமிடம் எடுத்தது. அவர் செய்தால் இரண்டு நிமிடம்.

"ஆருக்குப் போட்டனீர்?" பழக்கதோஷத்தில் வாய் தவறி வந்துவிட்டது.

துளசி உறையை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள்.

"வாக்கு எண்டு ஏனப்பா சொல்லுறது? அது சொல்லு. நான் குடுக்கிற சொல்லு. என்ரை வாயாலை நீங்கள் வாக்குக் குடுக்க ஏலுமே?" அவள் குரலில் சூடு இல்லை. "எழுதத் தெரியாதவைக்கு எழுதிக் குடுங்கோ, அது உதவி. எழுதப் பழகிறவளின்ரை கையிலை இருந்து பேனையைப் பறிக்கிறது உதவி இல்லை. பிழை விட்டாலும் அது என்ரை பிழையா இருந்திருக்க வேணும். அண்டைக்கு விட்ட பிழையும் உங்கடை. ஆனால் பறிபோன வகுப்பு என்ரை."

அவர் எதிர்க் கதிரையில் உட்கார்ந்து தன் வாக்கைப் போட்டு உறையை ஒட்டினார்.

துளசி செருப்பை மாட்டிக்கொண்டு சந்திமுனைத் தபால் பெட்டிக்குக் கிளம்பினாள். "என்ரையையும் கொண்டுபோய்ப் போடுமன்" என்று சற்குணம் தன் உறையை நீட்டினார். அவள் கதவடியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"உங்கடையை நீங்களே கொண்டுவாங்கோ" என்றாள். "வாங்கோ, நிக்கிறன்."